வளையமும் மரமும்



வத்தளையிலிருந்து கொழும்பு நகருக்குச் செல்வோர் களனி கங்கையைக் கடந்தே ஆக வேண்டும். பேலியகொடை வழியாகச் சென்று கடக்கலாம். கங்கை கடலோடு கலக்குமிடத்தை அடுத்துள்ள மட்டக்குளிப் பாலத்தாலும் கடக்கலாம். ஒரு வழியில் நெரிசல் என்றால் மற்றது கைகொடுக்கும். வத்தளை, பேலியகொடை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என அவ்வழிகள் ஒரு வளையமாகின்றன. பயணிக்கு இவ்வளையம் நன்மையே. கணினிகளை இணைக்கும் வலையமைப்பிலோ இத்தகைய வளையம் பெருந்தீங்காய் முடியும். காரணம் யாது?

கணினி வலையமைப்பின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிக்கும் பாலம் என்றே பெயர். இன்று பெரும்பாலும் சுவிட்ச் என்கிறோம். ஆற்றுப் பாலத்தைக் கடக்கும் பயணி ஒருவனே. ஊர் சேர்ந்ததும் அவன் பயணம் முடிந்தது. கணினிச் செய்தி அத்தகையதன்று. 'எல்லோருக்கும்' என்று விலாசமிட்ட செய்தியை, வந்த வழி நீங்கலாக ஏனைய வழிகள் அனைத்திலும் பாலக் கருவி படியெடுத்து அனுப்பும். வளையம் இருப்பின் அப்படிகள் சுற்றிவந்து மீண்டும் படியெடுக்கப்படும். இத்தனை முறைதான் சுற்றலாம் என்ற வரம்பு அச்செய்தியில் இல்லை. சில கணங்களில் வலையமைப்பு முழுவதும் ஒரே செய்தியின் படிகளால் நிரம்பி, வேறெதற்கும் இடமின்றிப் போகும்.

அவ்வாறாயின் ஒரே வழி போதாதா எனக் கேட்கலாம். அந்த ஒரு வழி அறுந்தால் யாது செய்வது? மாற்றுவழியும் வேண்டும், வளையமும் ஆகாது.

இச்சிக்கலுக்கு 1985ஆம் ஆண்டில் விடை கண்டவர் ராடியா பேர்ல்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவர் வகுத்த முறைக்கு 'ஸ்பானிங் ட்ரீ', அதாவது யாவற்றையும் தழுவி நிற்கும் மரம், என்று பெயர். மரத்தின் எந்தக் கிளையிலிருந்தும் எந்தக் கிளைக்கும் ஒரே வழிதான் உண்டு; மரத்தில் வளையம் இல்லை.

பாலக் கருவி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தானே வேர் என்று அயலாருக்கு அறிவிக்கும். தன்னினும் சிறிய எண்ணைக் கேட்டதும் விட்டுக்கொடுக்கும். முடிவில் மிகச் சிறிய எண்ணுடையதே வேராகும். பின்னர் ஏனையவை வேரை அடையச் செலவு குறைந்த வழியைத் தேர்ந்துகொள்ளும். வளையமுண்டாக்கும் மிகை வழிகள் மூடப்படும்; ஆயினும் வெட்டப்படுவதில்லை. வேரிலிருந்து வழக்கமாக 2 விநாடிக்கு ஒருமுறை நலச்செய்தி வந்துகொண்டிருக்கும். அது நின்றால், மூடிய வழி திறக்கப்படும். பழைய முறையில் இதற்கு 50 விநாடி வரை சென்றது. 2001இல் வந்த விரைவு முறையில் சில விநாடிகளே போதும்.

இதுவும் எல்லையற்ற காவலன்று. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் வைத்தியசாலையில் இம்மரம் குலைந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டாக வளர்ந்த அதன் வலையமைப்பு, இம்முறை தாங்கும் அளவைக் கடந்திருந்தது. சில நாட்கள் மருத்துவர்கள் பழையபடி காகிதத்தில் எழுதிப் பணிபுரிய வேண்டியதாயிற்று. பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையிற் கொண்டு ஓடினர்.

நமது அலுவலகங்களிலும் கவனம் வேண்டும். தொங்கிக் கிடக்கும் கம்பியின் இரு முனைகளையும் கண்ட துளைகளிற் செருகினால் வளையம் பிறந்துவிடும். மலிவான சிறு கருவிகள் பலவற்றில் இம்மரமுறை இல்லை. எனவே எந்தக் கருவி வேராக வேண்டும், எந்த வழி காத்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்தல் நன்று.

மாற்றுவழி இருப்பது பாதுகாப்பு. அது தன் முறை வரும்வரை மூடியிருப்பதே அப்பாதுகாப்பின் உயிர்.