நிக்சன் படிக்காமல் போன நிலவு உரை!

தலைவர்களுக்கு மேடைப் பேச்சை எழுதித் தருபவர்களின் பெயர் பெரும்பாலும் வெளியே வராது. ஆனால், வில்லியம் சஃபையர் எழுதிய ஓர் உரை, யாரும் பேசாமலேயே பிரபலமாகிவிட்டது.

1969 ஜூலை. அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்க அதிபர் நிக்சனின் உரைகளை எழுதும் குழுவில் இருந்தார் சஃபையர். 'அசம்பாவிதம் நடந்தால் என்ன பேசுவது?' என்பதையும் யோசிக்கச் சொன்னவர், விண்வெளி வீரர் ஃப்ராங்க் போர்மன். காரணம் இருந்தது. நிலவிலிருந்து மேலே கிளம்ப ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் இருவருக்கும் இருந்தது ஒரே ஓர் இன்ஜின். அது பழுதானால், சுற்றுப்பாதையில் காத்திருக்கும் காலின்ஸ் தனியாகத்தான் பூமிக்குத் திரும்ப வேண்டும்.

ஜூலை 18 தேதியிட்டு இரங்கல் உரை தயாரானது. நிலவில் இருவரும் உயிரோடு இருக்கும்போதே அதிபர் படிக்க வேண்டிய உரை! அதற்கு முன்பு 'விதவையாகப் போகிறவர்களுக்கு' அதிபர் போன் செய்ய வேண்டும் என்று கீழே குறிப்பும் எழுதியிருந்தார் சஃபையர். நாசா தொடர்பைத் துண்டித்ததும், கடலில் உடலை அடக்கம் செய்யும்போது நடக்கும் சடங்கைப் பாதிரியார் ஒருவர் செய்ய வேண்டுமாம்.

நல்லவேளை, இன்ஜின் இயங்கியது. ஜூலை 24-ல் மூவரும் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினார்கள். அந்தத் தாள் ஃபைலுக்குள் போனது. சுமார் 30 ஆண்டுகள் கழித்துத்தான் உலகம் அதைப் படித்தது.