ஜெபமும் வேண்டும், மருந்தும் வேண்டும்

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை விசுவாசம் குறைந்தவர் என்று பெரும்பாலான சபைகளில் சொல்வதில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு வந்து திருவிருந்தில் பங்குபெறுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மனச்சோர்வுக்காக ஒருவர் டாக்டரிடம் போனால் மட்டும், "ஜெபம் போதவில்லை", "மறைவான பாவம் ஏதோ இருக்கிறது", "இது பிசாசின் போராட்டம்" என்றெல்லாம் பேச்சு கிளம்பிவிடுகிறது. ரயில்வே உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகி, பல தமிழ்ச் சபைகளில் ஆராதித்தவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

வேதாகமம் இப்படிப் பேசவில்லை. கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். வந்த தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி தூங்கினார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஆண்டவர் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

லண்டனின் புகழ்பெற்ற போதகர் ஸ்பர்ஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1856-இல் அவர் பிரசங்கித்த அரங்கில் யாரோ "தீ" என்று கூவ, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சி அவரை நொறுக்கியது. மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது திரும்பி வந்தது. அதை அவர் ஒளிக்கவில்லை. ஊழியத்துக்குப் படித்த மாணவர்களுக்கே பாடமாகச் சொன்னார்.

தண்டவாளத்தின் உள்ளே விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது. மேலே பளபளவென்றுதான் இருக்கும். அல்ட்ராசோனிக் கருவி வைத்துத்தான் கண்டுபிடிப்போம். கண்டபின் யாரும் தண்டவாளத்தைத் திட்டுவதில்லை. இருபுறமும் ஃபிஷ் பிளேட் வைத்து இறுக்கி, தேவையானால் வேகத்தைக் குறைத்து வண்டியை விட்டு, பிறகு முறையாகச் சரிசெய்வோம். மனிதருக்கு மட்டும் ஏன் வசை?

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மகள் மருந்தினால் நன்றாகத் தேறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் "நீ சுகமாகிவிட்டாய், மாத்திரையைத் தூக்கியெறி" என்றார்கள். எறிந்துவிட்டாள். இரண்டு மாதத்துக்குள் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. அவள் ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்று தாயார் இரவெல்லாம் விழித்துக் காவல் இருந்தார். செய்தி கேட்டு வந்த எங்கள் இளம் போதகர் ஜெபித்து முடித்து, "வாம்மா, டாக்டரிடம் போவோம், நானும் வருகிறேன்" என்று ஆட்டோவில் கூடவே போனார். பெண்கள் ஐக்கியத்தார் ஒரு மாதம் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோனார்கள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்று அந்தப் பெண் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். மாத்திரையும் சாப்பிடுகிறாள்.

மனநல மருத்துவம் நம் விசுவாசத்துக்கு அந்நியமானதல்ல. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணியே சி.எம்.சி. ஆக வளர்ந்தது. அதன் மனநல மையம் 1957 முதல் பாகாயத்தில் நடந்துவருகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பராமரிப்பில் பங்குகொள்வது அங்குள்ள முறை.

ஆகவே சகோதர சகோதரிகளுக்கு என் வேண்டுகோள்: மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான் நடக்கவேண்டும். "சாகவேண்டும் போலிருக்கிறது" என்று யாராவது சொன்னால் தனியே விடாதீர்கள்; உடனே மருத்துவ உதவி தேடுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கோயில், தர்கா என்று நோயாளியை அழைத்துக்கொண்டு அலையும் நம் சங்கத்தின் பிற அன்பர்களுக்கும் இது பொருந்தும். பிரார்த்தனையை யாரும் நிறுத்தவேண்டாம். டாக்டரிடம் போகும்போது துணைக்கு ஒருவர் கூடப் போனால் போதும்.