சரக்கு வண்டியின் 'மூளைப் பெட்டி': மாற்றச் சொன்னால் கவனிக்க வேண்டியவை

விருதுநகரிலிருந்து பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் வெளியூர் போவதும், சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பகுதியிலிருந்து பட்டாசு, தீப்பெட்டி, அச்சுச் சாமான்கள் கிளம்புவதும் லாரியையும் மினி லாரியையும் நம்பித்தான் என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். சீசன் நேரத்தில் வண்டி ஷெட்டில் நின்றால் ஆர்டர் கைநழுவிவிடும். அண்மைக் காலத்தில் நம்மிடம் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "வண்டி திடீரென்று நின்றுவிட்டது, இ.சி.எம். போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள், என்ன செய்வது?" என்பதுதான் அது. நமக்குத் தெரிந்த வரையிலும், நல்ல எலக்ட்ரீஷியன்களிடம் கேட்டு அறிந்த வரையிலும் இங்கே எழுதுகிறோம்.

நாம் தொழிலுக்கு வந்த நாளில் டீசல் வண்டி என்றால் பம்ப், நாசில், பில்டர், செல்ப் மோட்டார், இவ்வளவுதான். பழுது என்றால் மெக்கானிக் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார். இன்று அப்படி இல்லை. 'காமன் ரெயில்' என்ற முறையில், ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் டீசல் ஒரு குழாயில் தயாராக நிற்கிறது. எந்த இன்ஜெக்டர் எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை ஒரு சிறிய கம்ப்யூட்டர் கணக்கிட்டு உத்தரவு கொடுக்கிறது. அந்தப் பெட்டிதான் இ.சி.எம். சிலர் இ.சி.யூ. என்பார்கள். கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது, டிரைவர் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தார், தண்ணீர் எவ்வளவு சூடு, ரெயிலில் அழுத்தம் என்ன என்று சென்சார்கள் சொல்லும் சேதியை வைத்தே அது முடிவு செய்கிறது.

1-4-2017 முதல் நாடு முழுவதும் பாரத் நிலை 4 விதி வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 29 அன்று, பழைய நிலை 3 வண்டிகளை விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போதும் சில வண்டிகள் பழைய மாதிரிப் பம்பை வைத்தே சமாளித்தன. 1-4-2020 முதல் நிலை 6 வந்த பின்பு, புதிய டீசல் சரக்கு வண்டி எதுவும் இந்தப் பெட்டி இல்லாமல் வருவதில்லை. எனவே இது நம் எல்லோர் வீட்டு விஷயமும் ஆகிவிட்டது.

பெட்டி கெட்டால் எப்படித் தெரியும்? வண்டி ஸ்டார்ட் ஆகாது; அல்லது ஓடிக்கொண்டே இருக்கும்போது நிற்கும்; இன்ஜின் விளக்கு எரியும்; ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வேகம் கூடாமல் ஊர்ந்து போகும். ஆனால் இதே அறிகுறிகள் எல்லாம் ஒரு வயர் அறுந்தாலும் வரும், பேட்டரி தளர்ந்தாலும் வரும். சிக்கலே இங்குதான். ஸ்கேனரை மாட்டிப் பார்க்கும்போது 'பி 0606' என்று வந்தால் பெட்டியின் பிராசசரில் கோளாறு என்று பொருள். 'யு 0100' என்றால் பெட்டியோடு பேச்சுத் தொடர்பு இல்லை. இந்த எண்ணைக் காட்டியவுடன் "பெட்டி அவுட்" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. பெட்டிக்குக் கரண்டு சரியாகப் போகாவிட்டாலும், எர்த் சரியில்லாவிட்டாலும் இதே எண்கள் வரக்கூடும். சீட்டில் எழுதியிருப்பது சந்தேகம் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

ஆகவே முதலில் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் வண்டியில் செல்ப் அடிக்கும்போது வோல்டேஜ் ஒன்பதரைக்குக் கீழே இறங்கினால் பெட்டி சரியாக வேலை செய்யாமல் போகலாம். வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட் கொடுக்க வேண்டும். 15-க்கு மேல் போனால் அதுவே பெட்டியைத் தின்றுவிடும். 24 வோல்ட் லாரிக்கு இதை இரட்டிப்பாக வைத்துக் கொள்ளலாம். அடுத்தது பெட்டிக்கு வரும் பியூஸ், மெயின் ரிலே. அதன் பிறகு எர்த். பேட்டரி மைனஸுக்கும் பெட்டியின் எர்த் வயருக்கும் நடுவில் மீட்டரை வைத்து செல்ப் அடிக்க வேண்டும். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் துருப்பிடித்த எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கினாலே போதும். இதற்கு ஆகும் செலவு டீக்காசுதான்.

சென்சார்களுக்குப் பெட்டி 5 வோல்ட் கரண்டு அனுப்புகிறது. ஒரே ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலும் அந்த 5 வோல்ட் விழுந்துவிடும். பெட்டியே செத்தது போல் தோன்றும். சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறது என்று பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். பொறுமையுள்ள எலக்ட்ரீஷியனுக்கு இது அரைமணி நேர வேலை.

நம்மைப் போன்ற தானிய வியாபாரிகளுக்கு இன்னொரு எதிரி உண்டு. எலி! பருப்பு குடோன் வாசலில் ராத்திரி நிற்கும் வண்டியின் பானெட்டுக்குள் எலி புகுவது சாதாரணம். உறுப்பினர் ஒருவரின் மினி லாரிக்கு வெளியூர் ஒர்க் ஷாப் ஒன்றில் புதுப் பெட்டி போட வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். அண்ணாச்சி மனம் ஒப்பாமல் வண்டியைக் கட்டி இழுத்து வந்து நம்மூர் எலக்ட்ரீஷியனிடம் காட்டினார். கிராங்க் சென்சார் வயரை எலி பாதி கடித்து வைத்திருந்தது. வயரை ஒட்டி, மேலே ஸ்லீவ் போட்டுக் கொடுத்தார். வண்டி அன்று மாலையே லோடு ஏற்றியது. அதற்காக எல்லா ஒர்க் ஷாப்பும் ஏமாற்றுகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. வயரிங்கைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லாதவர்கள் பெட்டியை மாற்றுவது சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள், அந்தச் செலவு மட்டும் நம் தலையில் விழுகிறது.

பெட்டி மெய்யாகவே கெடுவதும் உண்டு. பேட்டரியை மாற்றி மாட்டினால், அல்லது வேறு வண்டியிலிருந்து கரண்டு எடுக்கும்போது பிளஸ், மைனஸ் மாறினால் உடனே போகும். பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவும்போது கனெக்டருக்குள் ஈரம் இறங்கினால் சில வாரத்தில் பச்சை பூத்துப் போகும். பாடியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இணைப்பையும் பெட்டியின் கனெக்டரையும் கழற்றாமல் விட்டால் ஒரே பொறியில் போய்விடலாம். இவற்றில் பாதிக்கு மேல் முதலாளி கவனிக்க வேண்டியவை. பெட்டி போனதும் டிரைவர் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது நியாயமில்லை என்பது நம் கருத்து.

மாற்றுவது என்று முடிவானால், பழைய பெட்டியின் மேல் உள்ள பாகத்து எண் முழுவதும் ஒத்திருக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றாக இருப்பது போதாது. கடைசி இரண்டு எழுத்து மாறினாலும் வேறு இன்ஜினுக்கானதாக இருக்கலாம். புதுப் பெட்டியை மாட்டினால் மட்டும் வண்டி ஓடாது. அதில் வண்டிக்குரிய சாப்ட்வேரையும் 17 எழுத்துச் சேசிஸ் எண்ணையும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் குறியீட்டைப் பதிய வேண்டும். இம்மொபிலைசர் உள்ள வண்டியாக இருந்தால் சாவியையும் அதற்குப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்ப் சுற்றும், வண்டி பிடிக்காது. அல்லது புகையும் நடுக்கமுமாக ஓடும். இந்த வேலைக்கான கூலி எஸ்டிமேட்டில் சேர்ந்துள்ளதா என்று முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

பழைய பெட்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். சால்டர் விட்டுப் போனது, ஒரு டிரான்சிஸ்டர் எரிந்தது போன்ற பழுதுகளைச் சரிசெய்யும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அது முடியாவிட்டாலும், அதன் மெமரியில் உள்ள விவரங்களை எடுத்து, அதே எண்ணுள்ள பழைய சாமான் பெட்டி ஒன்றில் ஏற்றிவிட்டால், பெரும்பாலும் சாவி, சேசிஸ் எண் தகராறு இல்லாமல் வண்டி ஓடும். பழைய சாமான் வாங்கும்போது பில் இல்லாமல் வாங்க வேண்டாம். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

பட்டாசு லோடு ஏற்றுவோருக்குத் தனியே ஒரு வார்த்தை. லோடோடு நின்ற வண்டியில் சால்டரிங், வெல்டிங், பேட்டரி வயரைத் தட்டிப் பொறி பார்ப்பது எதுவும் கூடவே கூடாது. வண்டியை ஜன நடமாட்டத்திலிருந்து விலக்கி நிறுத்தி, அனுப்பிய பாக்டரிக்குத் தகவல் சொல்லி, விதிப்படி பட்டாசு ஏற்றத் தகுந்த வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றிய பிறகே மெக்கானிக் கை வைக்க வேண்டும். டெலிவரி ஒரு நாள் பிந்தினால் கடைக்காரர் கோபிப்பார், அவ்வளவுதான். நம் பகுதியில் தீ என்றால் என்ன என்று நாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியைத் திறக்கும்போதே "யூரியா கரைசல், புகை பில்டர் எல்லாவற்றையும் சாப்ட்வேரில் கட் செய்து விடுகிறேன், செலவு மிச்சம்" என்று ஆசை காட்டுவோர் உண்டு. 2015-இல் வோக்ஸ்வேகன் என்ற பெரிய கம்பெனியே புகைச் சோதனையை ஏய்க்கச் சாப்ட்வேரில் வேலை செய்து அமெரிக்காவில் மாட்டிக் கொண்டது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் வண்டியை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. வாரண்டியும் போய்விடும்.

விபத்து இல்லாமல் தானாக ஏற்படும் எலக்ட்ரிக்கல் பழுதுக்குச் சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் பணம் தராது என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். பில்லை மட்டும் கடைப் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு வாங்குங்கள். காருக்கு உள்ள தடை சரக்கு ஏற்றும் வண்டிக்கு இல்லாததால், வழக்கமான முறையில் வரி கட்டும் உறுப்பினர்கள் சொந்தச் சரக்கு வண்டியின் உதிரி பாகத்துக்கும் பழுதுக்கும் செலுத்திய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக் கொள்ள இடமுண்டு. தங்கள் கணக்கரிடம் கேட்டுக் கொள்ளவும். பழைய பெட்டி, புதுப் பெட்டி இரண்டின் சீரியல் எண்களையும், வாரண்டி எத்தனை மாதம் என்பதையும் அந்தப் பில்லிலேயே எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.