வட்டம் கோணலா, காம்பஸ் கோணலா?

முதலாம் ஆண்டு டிராயிங் ஹாலில் ஒரு ஃபிளாஞ்ச் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஆறு போல்ட் துளைகள். ஐந்து துளைகள் சரியாக உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆறாவது மட்டும் முதல் துளையை நெருங்கிக்கொண்டு நின்றது. மூன்று தடவை அழித்தேன். தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

"என்னடே இது, வட்டமா, கோழி முட்டையா?" என்றார் சார். ஹாலே சிரித்தது. நமக்கு டிராயிங் வராது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் பக்கத்து மேஜை நண்பனிடம் காம்பஸை இரவல் வாங்கி வரைந்தேன். ஆறும் கச்சிதம். கை அதே கைதான்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். என் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். குற்றாலம் சீசனில் ஒரு பிளாட்பாரக் கடையில் வாங்கிய காம்பஸ் அது. புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் என்னைப் போல அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

மூட்டு

காம்பஸின் உயிர் மூட்டில் இருக்கிறது. சாதாரணக் காம்பஸில் மூட்டின் உராய்வுதான் காலைப் பிடித்து நிறுத்துகிறது. அது இளகினால் சுற்றி முடிவதற்குள் கால் அகன்றுவிடும். கோடு தொடங்கிய இடத்தில் போய்ச் சேராது. நடுவில் மரைத் தண்டும் சிறு சக்கரமும் உள்ள ஸ்பிரிங் காம்பஸில் கால்களை மரையே பிடித்துக்கொள்ளும். முடிந்தால் அதையே வாங்குங்கள். பெரிய வட்டத்துக்கு முழங்கால் மடங்கும் வகை நல்லது. மடக்கினால் ஊசியும் லெட்டும் தாளில் செங்குத்தாக நிற்கும்.

ஊசி

ஊசிக்குத் தோள் வேண்டும். தோள் இருந்தால் முனை ஓரளவுக்கு மேல் இறங்காது. வெறும் கூர் ஊசி இறங்க இறங்கத் துளை பெரிதாகி, மையமே நகர்ந்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம்ம ஊர்ச் சாரலைக் கேட்கவே வேண்டாம். ஈரக் காற்றில் தாள் நமத்துப்போய், துளை இன்னும் சீக்கிரம் அகலும். மெல்லிய முலாம் பூசிய இரும்புக் காம்பஸ் துருவும் பிடிக்கும். பித்தளையில் செய்து முலாம் பூசியது தாங்கும்.

லெட்

லெட்டை வெளிப்பக்கமாகச் சரித்துத் தேயுங்கள். ஊசி, லெட்டைவிட ஒரு துளி நீண்டிருக்கட்டும். காம்பஸில் பென்சில் அளவுக்கு அழுத்த முடியாது. அதனால் கோட்டுக்கு எச் பென்சில் என்றால் காம்பஸுக்கு எச்.பி. லெட் போடுங்கள். சுற்றும்போது தலையைப் பிடியுங்கள், காலைப் பிடிக்காதீர்கள்.

கடையிலேயே ஒரு சோதனை

"அண்ணாச்சி, ஒரு தாள் கொடுங்க" என்று கேளுங்கள். 5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். விரிப்பை மாற்றாமல் அதே காம்பஸை வட்டத்தின் மேல் ஆறு அடி நடத்துங்கள். ஆறாவது அடி, தொடங்கிய புள்ளியிலேயே விழ வேண்டும். ஆரமும் நாணும் சமமானால் ஒவ்வொரு அடியும் மையத்தில் 60 பாகை. ஆறு அடிக்கு 360. வட்டம் போட்ட பிறகு கால் அரை மி.மீ. அகன்றிருந்தால் கடைசிப் புள்ளி ஏறக்குறைய மூன்றரை மி.மீ. தள்ளி விழும். ஸ்கேலில் கண்ணுக்குப் பிடிபடாத பிழை ஏழு மடங்காகி நிற்கும். என் ஆறாவது துளையின் கதையும் இதுதான்.

நான் இப்படிச் சோதித்தபோது, "தம்பி, மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரில்லா பார்க்கிய!" என்றார் கடைக்கார அண்ணாச்சி. சிரித்தபடி இன்னொரு தாளும் கொடுத்தார்.

விலை கூடினதெல்லாம் நல்லது என்றில்லை. பெட்டி நிறையச் சாமான் வேண்டாம். தேறிய காம்பஸ் ஒன்று போதும். ஃபிட்டிங் ஷாப்பில் டிவைடர் எடுக்கும்போதும் இதே சோதனைதான். தாளில் தப்பினால் அழிக்கலாம். துளை போட்ட இரும்பை அழிக்க ரப்பர் கிடையாது.

கம்ப்யூட்டரில் வட்டம் தானாகவே கூடிவிடும். தாளில் கூடாமல் போனால், உங்களைக் குறை சொல்லிக்கொள்ளும் முன் காம்பஸை ஆறு அடி நடக்கவிட்டுப் பாருங்கள். அது தேறிவிட்டால் பிறகு கையைப் பழக்குவோம்.