ஒரு கமராவும் இரு கணினிகளும்

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்கி வருகின்றது. வவுனியா வளாகம் 2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னியிற் கணினிக் கல்வி இங்ஙனம் வேரூன்றி வரும் நாளில், மடிக்கணினி மாணவருக்கு இன்றியமையாத கருவியாகிவிட்டது. இணையவழி வகுப்போ நேர்முகத் தேர்வோ தொடங்கும் வேளையில் அதன் கமரா கண்மூடிக்கொண்டால், பழுதென்று கருதிப் பலர் திருத்துங் கடையை நாடுவர். மெய்நிகர் இயந்திரம் நிறுவப்பட்ட கணினியாயின், பெரும்பாலும் அது பழுதன்று, உரிமைப் பிணக்கேயாகும்.

மெய்நிகர் இயந்திரம் என்பது யாது? ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணினியே அது. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே பெருங்கணினிகளில் இம்முறையைக் கையாண்டனர். இன்று வேர்ச்சுவல்பொக்ஸ், விஎம்வெயார் ஆகியவற்றின் துணையால், வின்டோஸ் கணினிக்குள் லினக்ஸை இயக்கி மாணவர் பழகுகின்றனர். வெளியே உள்ளதை வீட்டுக்காரர் என்றும், உள்ளே இயங்குவதை விருந்தினர் என்றும் கொள்வோமாக.

மடிக்கணினியின் கமரா பெரும்பாலும் உள்ளேயே யூ.எஸ்.பி. வழியாக இணைக்கப்பட்டிருக்கும். அதனை விருந்தினருக்கு ஒப்படைத்தால், வீட்டுக்காரர் அதனை இழந்துவிடுவார். குளத்து நீரை முறை வைத்து ஒரு வாய்க்காலுக்குத் திருப்பினால் மற்றைய வாய்க்கால் வறளுமன்றோ? அதனாற் குளம் வற்றிற்று என்று எவரும் சொல்லார். கமராவின் நிலையும் இதுவே.

ஆகவே, முதலில் மெய்நிகர் இயந்திரத்தை முற்றாக நிறுத்திவிட்டு, வீட்டுக்காரரின் கமராச் செயலியைத் திறந்து பார்த்தல் வேண்டும். படம் தோன்றினாற் கருவி நலமாயுள்ளது. இயந்திரத்தை இயக்கியதும் படம் மறையுமாயின், வேர்ச்சுவல்பொக்ஸின் யூ.எஸ்.பி. அமைப்பிலே கமராவுக்கென வடிகட்டி இடப்பட்டுள்ளதா எனக் காண்க. இயந்திரம் எழும்போதெல்லாம் கமராவைப் பிடித்துக்கொள்வது அவ்வடிகட்டியே. அதனை நீக்கிவிடின் பிணக்குத் தீரும்.

விருந்தினருக்கே கமரா வேண்டுமெனில், யூ.எஸ்.பி. பட்டியலை விடுத்து, சாதனங்கள் என்னும் பட்டியில் வெப்கேம் பகுதியைத் தெரிவு செய்தல் நன்று. இதற்கு அம்மென்பொருளின் நீட்சிப் பொதி, அதே பதிப்பில் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். வீட்டுக்காரரிடத்தே கமராவைப் பயன்படுத்தும் ஏனைய செயலிகளையும் மூடிவிடுதல் வேண்டும்.

யூ.எஸ்.பி. வழியாகவே கொடுத்தபின் கமரா பட்டியலில் தோன்றியும் படம் கறுத்திருப்பின், வேகத்தை நோக்குக. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட அமுக்கப்படாத படம், செக்கனுக்கு 30 சட்டங்களாக ஓடுவதற்கு ஏறத்தாழ 147 மெகாபிற் வேகம் தேவை. யூ.எஸ்.பி. 1.1 தரத்தின் உச்ச வேகமோ 12 மெகாபிற் மட்டுமே, 2.0 தரத்தினது 480. இயந்திரத்தின் அமைப்பை 2.0 அல்லது 3.0 தரத்துக்கு உயர்த்துதலே இதற்குப் பரிகாரம்.

இயந்திரத்தை நிறுத்தி, கணினியை மீள இயக்கி, கமராவின் மூடியையும் வின்டோஸின் அனுமதி அமைப்பையும் சரிபார்த்த பின்னரும் படம் தோன்றாவிடின், அப்பொழுதே பழுதென்று ஐயுறலாம். எவர் கையில் உள்ளது என்று முதலில் வினவுபவருக்கு வீண் செலவும் இல்லை, வகுப்பும் தவறாது.