கடல் கடந்த செர்ரி மரங்கள்

இரண்டு தேசங்கள் ஸ்நேகம் கொள்வதென்றால் மந்திரிகளும் ஸ்தானிகர்களும் கூடி உடன்படிக்கை எழுத வேண்டும். இரண்டு நகரங்கள் ஸ்நேகம் கொள்ள அவ்வளவு ஆடம்பரம் வேண்டியதில்லை, மரக்கன்றுகளே போதும். ஆனால் அந்த ஸ்நேகம் நிலைக்க வேண்டுமானால், கசப்பான உண்மையைத் தாங்கும் மனம் வேண்டும்.

1910-ஆம் ஆண்டு ஜனவரியில், டோக்கியோ நகரம் அன்பளிப்பாக அனுப்பிய 2,000 செர்ரி மரங்கள் பசிபிக் மகாசமுத்திரத்தைக் கடந்து வாஷிங்டன் நகரை அடைந்தன. அமெரிக்க விவசாய இலாகா நிபுணர்கள் பரிசோதித்தபோது, அவற்றில் பூச்சியும் நோயும் மலிந்திருக்கக் கண்டார்கள். ஜனாதிபதி டாஃப்டின் சம்மதத்தின் பேரில் அத்தனையும் தீக்கிரையாயின.

நாம் கொண்டுபோன சீர்வரிசையைச் சம்பந்தி வீட்டார் வாசலிலேயே கொளுத்தினால் நமக்கு எப்படியிருக்கும்? டோக்கியோவோ உறவை முறித்துக்கொள்ளவில்லை. மேயர் யூகியோ ஓஸாகியின் காலத்திலேயே, அரகாவா நதிக்கரை மரங்களிலிருந்து கொம்புகள் எடுத்து, ஒட்டுக்கட்டி, புதிய கன்றுகளை வளர்த்தார்கள். 1912 மார்ச்சில் 3,020 மரங்கள் வந்து சேர்ந்தன. அம்மாதம் 27-ஆம் தேதி, ஜனாதிபதியின் மனைவியாரும் ஜப்பானிய ஸ்தானிகரின் மனைவியாரும் முதல் இரு மரங்களை நட்டார்கள்.

பின்னர் யுத்தம் மூண்டது. 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட சில தினங்களில், யாரோ நான்கு மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். யுத்தம் முடியும்வரை 'ஜப்பானிய' என்ற அடைமொழியை விட்டு, 'கீழ்த்திசைச் செர்ரி' என்றே அவற்றைக் குறிப்பிட்டு வந்தார்கள். மற்ற மரங்கள் பிழைத்தன. அரகாவாக் கரையிலிருந்த தாய்த்தோப்போ யுத்த காலத்தில் சீரழிந்தது. அதைப் புதுப்பிக்க, 1952-இல் வாஷிங்டன் மரங்களிலிருந்தே ஒட்டுக்கொம்புகள் டோக்கியோ சென்றன. மகள் தாய்வீட்டுக்குச் செய்த கைம்மாறு!

இதற்கு நேர்மாறான கதையும் அதே கடலின் இரு கரைகளில் நடந்தது. ஸான்பிரான்ஸிஸ்கோவும் ஒஸாகாவும் 1957-இல் சகோதர நகரங்களாயின. யுத்த காலத்தில் ஜப்பானிய ராணுவத்தாருக்குப் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் நினைவாக, 2017-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் சிலை எழுந்தது; நகரமும் அதை ஏற்றுக்கொண்டது. அதில் பொறித்துள்ள விவரங்கள் சரியல்ல என்பது ஒஸாகா மேயரின் வாதம். 2018-இல் அவர் அறுபதாண்டு உறவை முறித்தார்.

நோயுற்ற மரத்தை நோயுற்றதென்று சொன்னதால் முதல் நட்பு அழியவில்லை; குறை தீர்ந்து வலுப்பெற்றது. துன்புற்ற பெண்களை நினைவுகூர்ந்ததால் இரண்டாவது நட்பு அறுந்தது. விருந்தும் வரவேற்புப் பத்திரமும் எந்த நகரசபைக்கும் எளிது. தன் ஜனங்களுக்குப் பிடிக்காத உண்மையையும் கேட்டுக்கொண்டு உறவைக் காக்கும் நகரமே கடல் கடந்தும் நண்பனாக நிற்கும்.