இரும்பு தின்னும் கிருமி!

‘முருங்கைக்கீரை சாப்பிடுடா, இரும்புச் சத்து!’ என்று அம்மா விரட்டுவது நம்மை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நெற்பயிரைக் கருக வைக்கும் பாக்டீரியாவுக்கும் இரும்பு இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது!

பத்மநாபபுரம் போகிறவர்கள் அரண்மனையின் மரவேலைப்பாட்டையும், பளபளக்கும் தரையையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். சுற்றுவட்டார வயலையும் கொஞ்சம் பாருங்கள் சார்! இந்தப் பக்கம் நெல்லுக்கு கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் வருகிற வில்லன் ஒருவன் உண்டு. இலை நுனி மஞ்சளாகி, ஓரம் வழியே வைக்கோலாகக் காய்ந்து இறங்கும். பெயர், பாக்டீரியா இலைக்கருகல். நெல் விளைகிற ஊர் எல்லாம் இவனுக்குப் பயப்படும்.

‘செம்மண்ணில்தான் இரும்பு கொட்டிக் கிடக்கிறதே, கிருமிக்கு என்ன பஞ்சம்?’ என்பீர்கள். கிடக்கிறது, ஆனால் துருவாக! துரு லேசில் கரையாது. ரேஷன் கடை நிறைய மூட்டை இருந்தும் கதவு பூட்டியிருக்கிற கதை. வயலில் தண்ணீர் கட்டி, மண்ணுக்குள் காற்று குறைந்தால் அதே துரு கரையும் இரும்பாக மாறுகிறது. வேர் அதை உறிஞ்சுகிறது. இலை ஓரத் துளையிலோ காயத்திலோ நுழைந்த கிருமி, பயிரின் நீர்க்குழாயில் உட்கார்ந்து பங்கு கேட்கிறது.

எப்படி எடுக்கிறது? ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அலோக் பாண்டே, ரமேஷ் சோன்டி இருவரும் 2010-ல் விடை சொன்னார்கள். கிருமிக்கு இரண்டு வழி. ஒன்று, சிடரோஃபோர். துருவைக் கவ்வி இழுத்துவரும் கொக்கி. இன்னொன்று, ஃபியோபி. கரைந்த இரும்பு நுழையும் வாசல். கொக்கியைப் பிடுங்கினார்கள். ஊஹூம், பயல் அசரவில்லை! வாசலை அடைத்தார்கள். சுருண்டுவிட்டான்!

அதற்காகப் பயிரையே பட்டினி போட முடியுமா? அதற்கும் இரும்பு வேண்டுமே! ஆனால் மண்ணுக்குள் கிருமிக்குக் கிருமியைப் போட்டி விடலாம். 1980-ல் கலிஃபோர்னியாவில் க்ளோப்பர் குழு உருளைக்கிழங்கில் ஒரு நல்ல பாக்டீரியாவை இறக்கியது. பெயர் சூடோமோனாஸ். அதன் கொக்கி பலே கொக்கி! மண்ணின் இரும்பைச் சுருட்டி, கெட்ட கிருமிகளைப் பட்டினி போட்டது. இரும்பைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தை பலிக்கவில்லை! ரகசியம் இரும்புதான் என்பது ருசுவாகிவிட்டது.

அதே இனத்தைத்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பொடியாகச் சிபாரிசு செய்கிறது. பயிரின் எதிர்ப்புச் சக்தியையும் அது உசுப்பிவிடும்.

லீவில் ஊருக்குப் போனால் அப்பாவிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். விதை நெல் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ். நடும்போது நாற்று நுனியைக் கிள்ள வேண்டாம், காயம்தான் கிருமிக்குத் திறந்த கதவு. யூரியாவை அள்ளி இறைக்க வேண்டாம்.

‘ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ இருந்துக்கிட்டு எனக்கு வெவசாயம் சொல்லித் தாறியாலே?’ என்பார். வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பயிர் கருகின பிறகு மருந்துக் கடைக்கு ஓடுவதைவிட, அந்தத் திட்டு ரொம்ப மலிவு!